நாய்க்குட்டியை ஊர் உலகத்துக்குப் பழக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குட்டி வீட்டுக்கு வந்த முதல் இரண்டு மாதங்களில் வரும் கேள்விகள் இவை. பதில்கள் தமிழ்நாட்டு வீட்டையும் தெருவையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. விலைக்கு வாங்கிய குட்டிக்கும், தெருவிலிருந்து எடுத்து வந்த நாட்டுக் குட்டிக்கும் பொருந்தும்.

பழக்குவது என்றால் வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் குட்டியைக் கொடுத்துக் கொஞ்சச் சொல்வதா?

இல்லை. குட்டி ஒன்றைப் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், முகர வேண்டும். அப்போது அது பயப்படாமல் இருக்க வேண்டும். இவ்வளவுதான் பழக்கம். சிலிண்டர் போடுகிறவர் படியில் 'டங் டங்' என்று உருளையை இறக்கும்போது குட்டி ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தன் வேலையைப் பார்க்கிறது என்றால், அந்தச் சத்தத்துக்கு அது பழகிவிட்டது. எதிரே வருகிற எல்லோர் மேலும் தாவி ஏறுவது நல்ல பழக்கத்தின் அடையாளம் அல்ல. அலட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் நமக்கு வேண்டியது.

நிறையப் பேர் எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்கிறார்கள்: இத்தனை ஆளைக் காட்டினேன், இத்தனை இடம் கூட்டிப்போனேன் என்று. பயந்து நடுங்கிக்கொண்டு பத்துப் பேரைப் பார்த்த குட்டியைவிட, நிம்மதியாக உட்கார்ந்து இரண்டு பேரைப் பார்த்த குட்டிக்குத்தான் லாபம்.

எந்த வயதில் தொடங்க வேண்டும்?

குட்டியின் மூளை புதியவற்றைத் தயக்கமின்றி ஏற்றுக்கொள்ளும் காலம் சுமார் 3 வாரத்தில் தொடங்கி 12 முதல் 14 வாரத்துக்குள் முடிகிறது. அதற்குப் பிறகு, தெரியாதது எதைக் கண்டாலும் 'முதலில் பயப்படு' என்பதுதான் அதன் இயல்பு.

அமெரிக்காவில் 1961-இல் வெளியான ஓர் ஆய்வில், வேலியடைத்த பெரிய வெளியில் மனிதத் தொடர்பே இல்லாமல் குட்டிகளை வளர்த்து, ஒவ்வொரு தொகுதியையும் வெவ்வேறு வயதில் மனிதரோடு பழகவிட்டார்கள். 14 வாரம் வரை மனிதரோடு பழகாத குட்டிகள் பிறகு காட்டு விலங்கு போலவே ஒதுங்கி ஓடின.

இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. நடைமுறையில் 35, 40 நாளிலேயே கைமாறுகிறது. அப்படி வாங்காதீர்கள். தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்று குட்டி கற்கிறது. சீக்கிரம் பிரித்த குட்டிகள் வன்மையாகக் கடிப்பது இதனால்தான். 8 வாரத்தில் வாங்கினால், உங்கள் கையில் இருப்பது ஆறு வாரம் போல. தள்ளிப்போட நேரமில்லை.

தடுப்பூசி எல்லாம் முடியும்வரை வெளியே கொண்டுபோகக் கூடாது என்கிறார்களே?

மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதற்குத்தான் கவனமாகப் பதில் சொல்ல வேண்டும்.

பார்வோ (குட்டிகளைக் கொல்லும் ரத்தக் கழிச்சல் நோய்), டிஸ்டெம்பர் (காய்ச்சலும் வலிப்பும் வரும் நோய்) போன்ற நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை போடப்படுகிறது. கடைசி ஊசி 16 வாரம் நிரம்பிய பிறகு விழ வேண்டும். ஏன் இத்தனை தடவை? தாயின் சீம்பால் வழியாக வந்த எதிர்ப்பாற்றல் குட்டியின் உடம்பில் இருக்கும்வரை அது தடுப்பூசியையும் வேலை செய்யவிடாது. எந்த வாரத்தில் அது இறங்கும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். வெறிநோய்த் தடுப்பூசி 12 வாரத்தில் தனி.

ஊசிக் கணக்கு முடிய 16 வாரம். பழகும் காலம் முடிவது 14 வாரம். 'ஊசி முடியட்டும்' என்று வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால், ஊசி முடிந்து கதவைத் திறக்கும்போது குட்டி பழகும் வயதைத் தாண்டியிருக்கும். அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர் சங்கம், முதல் கூட்டு ஊசியும் முதல் குடற்புழு மருந்தும் கொடுத்து 7 நாள் ஆனதும், அதாவது 7, 8 வார வயதிலேயே, குட்டிகளுக்கான வகுப்பில் சேர்க்கலாம் என்கிறது.

ஆனால் நம் ஊரில் பார்வோ அபாயம் உண்மையானது, அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே வெளியே கொண்டுபோங்கள், கீழே விடாதீர்கள். கையில் தூக்கிக்கொள்ளலாம். தோளில் மாட்டும் துணிப்பையில் வைக்கலாம். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வரலாம். ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் சும்மா நிறுத்திக் கூட்டிப்போவது மட்டும் வேண்டாம், ஒரு பிரேக்கில் குதித்துவிடும்.

கீழே விடக் கூடாத இடங்கள்: தெருமுனை, குப்பைத்தொட்டி ஓரம், பூங்காப் புல்தரை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கால்நடை மருத்துவமனைக் காத்திருப்பு இடத்தின் தரை. மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளமும் ஆகாது, எலி மூத்திரம் கலந்த நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். விடக் கூடிய இடங்கள்: உங்கள் மொட்டை மாடி, வேறு நாய்கள் வராத சுற்றுச்சுவருக்குள், ஊசி போட்ட நாய் இருக்கும் நண்பர் வீட்டுக் கூடம்.

பார்வோ வந்த நாய் இருந்த இடத்தின் மண்ணில் கிருமி ஓராண்டுக்கு மேல்கூட உயிரோடு இருக்கும். சாதாரண ஃபினாயிலை நம்பி அந்த வீட்டுக்குப் புதுக் குட்டியைக் கொண்டுவராதீர்கள். தரையை முதலில் சோப்புப் போட்டு அழுக்குப் போகக் கழுவி, 5 சதவீத ப்ளீச் திரவம் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் (ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 33 மில்லி) கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஈரமாகவே விட்டுப் பிறகு அலச வேண்டும். அழுக்கு இருந்தால் ப்ளீச் வேலை செய்யாது. ஆசிடோடோ வேறு கிருமிநாசினியோடோ சேர்த்துக் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

சரி, தூக்கிக்கொண்டு போனோம். என்ன செய்ய வேண்டும்?

உப்பில்லாமல் வேகவைத்த கோழி மார்புக்கறி அல்லது அவித்த முட்டையைப் பொட்டுக்கடலை அளவுக்குக் கிள்ளி ஒரு டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது நாற்பது துணுக்கு போதும். அந்த அளவை அன்றைய சாப்பாட்டில் குறைத்துவிடுங்கள். சைவ வீடென்றால் பனீர். பாயசத்தில் போடும் உலர் திராட்சை, சாக்லேட், வெங்காயம் சேர்ந்த எதுவும் நாய்க்கு ஆகாது.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்ப்புறம், கொஞ்சம் தள்ளி ஒரு திண்ணையில் உட்காருங்கள். குட்டி மடியில். பேருந்து வருகிறது. குட்டி பார்க்கிறது. பார்த்த பிறகு ஒரு துணுக்கு வாயில். பேருந்து போனதும் தீனியும் நிற்க வேண்டும். அடுத்து ஹெல்மெட் போட்டவர் வருகிறார்: பார்த்தது, துணுக்கு. இந்த வரிசை மாறக் கூடாது. முதலில் தீனியைக் காட்டிவிட்டு அப்புறம் பேருந்து வந்தால், 'கோழி கிடைத்தால் ஏதோ பயங்கரம் வரப்போகிறது' என்று குட்டி கற்றுக்கொள்ளும். கோழியைக் கண்டாலே பின்வாங்கும் நாய்கள் இப்படி உருவானவைதான்.

ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் குட்டிக்குக் களைப்பு, களைப்பில் எதுவும் பயமாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்ததும் தூங்கவிடுங்கள்.

குட்டி பயப்படுகிறதா என்று எப்படித் தெரியும்? அது கத்தவில்லையே?

பயந்த குட்டி பெரும்பாலும் கத்தாது, உறைந்துபோகும். 'எவ்வளவு சமத்தாக இருக்கிறது பார்' என்று நாம் தப்பாக நினைப்பது இங்கேதான்.

மூக்கை நக்கிக்கொள்வது, தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணை மட்டும் அந்தப் பக்கம் ஓட்டுவது (அப்போது கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரியும்), காதைப் பின்னால் ஒட்டிக்கொள்வது, வாலை இடுக்குவது, ஒரு முன்காலைத் தூக்கியபடியே நிற்பது, வெயில் இல்லாமலே மூச்சிரைப்பது. இதில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் போதும், தூரம் போங்கள்.

எளிய சோதனை ஒன்று உண்டு. பசியோடு இருக்கும் குட்டி கோழித்துண்டை வேண்டாம் என்றால் நீங்கள் மிக அருகில் இருக்கிறீர்கள். பத்தடி பின்னால் வாருங்கள். இன்னும் எடுக்கவில்லையா, மேலும் பத்தடி. எடுத்துத் தின்னும் தூரம் எதுவோ அங்கிருந்துதான் அன்றைய பாடம். அடுத்தடுத்த நாட்களில் தூரம் தானாகக் குறையும். 'பழகிடும், பிடிச்சு வை' என்று சந்தைக் கூட்டத்துக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது பழக்கம் அல்ல. அன்று வரும் பயம் பல மாதம் நிற்கும். 8 முதல் 10 வார வயதில் ஒரே ஓர் அதிர்ச்சிகூட ஆழமாகப் பதியும் என்பதால் அந்த நாட்களில் கூடுதல் நிதானம் வேண்டும்.

பயந்த குட்டியை அணைத்துத் தேற்றினால் பயம் கூடும் என்பது தவறான நம்பிக்கை. தாராளமாகத் தேற்றலாம்.

எவற்றுக்கெல்லாம் பழக்க வேண்டும்?

உங்கள் வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று காலையிலிருந்து நினைத்துப் பாருங்கள், பட்டியல் கிடைத்துவிடும். பால்காரர், கோலம் போடக் குனிந்திருக்கும் ஆள், குக்கர் விசில், மிக்சி, குப்பை வண்டியின் பாட்டு, தண்ணீர் லாரி, லிஃப்ட் கதவு, கூரியர் பையன், குடை, மழைக்கோட்டு, கைத்தடி ஊன்றி வரும் தாத்தா, தாடி வைத்தவர், வேட்டி காற்றில் படபடக்க வருபவர், புர்கா அணிந்தவர், சக்கர நாற்காலி, மாடு, ஆடு, பூனை, கோழி. கோயில் ஒலிபெருக்கியும் மேளமும் தூரத்திலிருந்து. வீட்டில் குழந்தை இல்லையென்றால் குழந்தைகளைத் தேடிப்போய்க் காட்டுங்கள், ஏனென்றால் குழந்தை நாய்க்குச் சின்ன மனிதராகத் தெரிவதில்லை. ஓடும் விதம், குரல், வாடை எல்லாமே வேறு.

மிக்சிக்குப் பழக்க, முதலில் இரண்டு அறை தள்ளிக் குட்டி சாப்பிடும்போது மூன்று விநாடி ஓட்டுங்கள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தின்றால் மறுநாள் ஓர் அறை பக்கம்.

தரையையும் மறக்காதீர்கள். டைல்ஸில் மட்டுமே வளர்ந்த குட்டி மணலில் கால் வைக்கத் தயங்கும், சாக்கடை மேல் போட்ட இரும்புக் கம்பி மூடியைக் கண்டால் அங்கேயே உட்கார்ந்துவிடும். வழுக்கும் கிரானைட்டில் ஓடவிட்டால் இடுப்பு மூட்டுக்கும் கேடு, ஒரு கோணியையோ ரப்பர் பாயையோ விரித்துவையுங்கள். ஊசிகள் முடிந்து நடக்கத் தொடங்கும்போது, புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வையுங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

எல்லாரிடமும் பழகினால் காவல் காக்காதே? எங்களுடையது கோம்பை / சிப்பிப்பாறை.

இந்தப் பயத்தில்தான் நம் நாட்டு இன நாய்கள் பலவும் கூண்டுக்குள் வீணாகின்றன. காவல் என்பது தன் வீடு எது, இங்கே வழக்கமாக நடப்பது எது என்று தெரிந்த நாய் செய்யும் வேலை. வழக்கமானது தெரிந்தால்தானே வழக்கமில்லாததைக் கண்டு குரைக்கும்? எல்லாவற்றுக்கும் பயந்த நாய் நாள் முழுக்கக் குரைக்கும், அதனால் அதன் குரைப்பை வீட்டில் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். அடுத்த கட்டமாகத் தபால்காரரையோ பக்கத்து வீட்டுக் குழந்தையையோ கடிக்கும்.

சிப்பிப்பாறையும் கன்னி இன நாயும் வேட்டை ஓட்டத்துக்காக வளர்க்கப்பட்டவை. இயல்பிலேயே அந்நியரிடம் ஒட்டாதவை. எவ்வளவு பழக்கினாலும் கண்டவர் மடியில் ஏறாது, கவலை வேண்டாம். இவற்றுக்குத்தான் பழக்கம் கூடுதலாகத் தேவை. கூடவே, ஓடுகிற எதையும் துரத்தும் குணம் இருப்பதால் கோழி, பூனை முன்னால் அமைதியாக உட்கார்ந்து தீனி தின்னும் பயிற்சியைப் பத்தாவது வாரத்துக்குள் தொடங்கிவிடுங்கள்.

எங்கள் ராஜபாளையம் குட்டி எந்தச் சத்தத்துக்கும் பயப்படுவதில்லை. தைரியசாலியா?

முதலில் காது கேட்கிறதா என்று பாருங்கள். வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் பிறவிச் செவிட்டுத்தன்மை இந்த இனத்தில் உண்டு. குட்டி உங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும்போது, அதன் பார்வையில் படாமல், தரையில் அதிர்வு தராமல், ஐந்தாறு அடி பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காது மடல் அசைய வேண்டும், அல்லது தலை திரும்ப வேண்டும். கை தட்டிச் சோதித்தால் காற்றசைவை உணர்ந்து திரும்பிவிடக்கூடும். வெவ்வேறு நேரத்தில் நான்கைந்து முறை பார்த்தும் அசைவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு காது மட்டும் கேட்காததை வீட்டுச் சோதனையில் கண்டுபிடிக்க முடியாது.

கேட்காத குட்டியும் நல்ல நாயாக வளரும். குரலுக்குப் பதில் கைச்சைகை. தூங்கும்போது திடீரென்று தொடாமல், மூக்கருகே கையைக் காட்டி வாடையில் எழுப்புங்கள். எழுந்ததும் ஒரு துணுக்கு. திடுக்கிட்டு எழுந்து கடிக்கும் பழக்கம் வராமல் இருக்க இதுவே வழி. கயிறில்லாமல் தெருவில் விடவே கூடாது.

வீட்டுக்கு வரும் குழந்தைகளிடம் எப்படி விடுவது?

குழந்தை தரையில் சம்மணமிட்டு உட்கார வேண்டும். தூக்கக் கூடாது. குட்டி தானாக வந்தால் மார்பிலோ தோளிலோ மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். குட்டி இன்னும் நெருங்கி வந்தால் மறுபடி தடவலாம். விலகிப் போனால் விட்டுவிட வேண்டும். தலைக்கு மேலிருந்து கையைக் கொண்டுவருவது, கட்டிப்பிடிப்பது, தூங்கும்போதும் தின்னும்போதும் தொடுவது, இவை கூடாது. பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில் இருக்கிற நேரம் மட்டும்தான் இதெல்லாம்.

குட்டியின் நகம் கீறினாலும் பல் பட்டாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வீட்டுக் குட்டிதானே என்று விடாதீர்கள், 12 வாரத்துக்கு முன் அதற்கு வெறிநோய் ஊசியே போட்டிருக்காது.

தெருநாய்களோடு விளையாடவிடலாமா?

16 வாரம் முடிந்து, கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு வாரம் ஆகும்வரை வேண்டாம். தூரத்திலிருந்து பார்க்கட்டும், முகரட்டும். மற்ற நாய்களோடு பழக, ஊசி போட்ட, பொறுமையான ஒரு வளர்ந்த நாய் போதும். பத்துக் குட்டிகளைவிட அப்படி ஒரு பெரிய நாய் நல்ல ஆசிரியர். விளையாட்டில் ஒன்று மட்டுமே துரத்தி, மற்றது ஒளிய இடம் தேடினால் பிரித்துவிடுங்கள். இடத்தை மாற்றி மாற்றித் துரத்தினால் சரியாகப் போகிறது.

மருத்துவரிடம் போனாலே நடுங்குகிறது. என்ன செய்ய?

ஊசிக்கு மட்டும் போவதால் வரும் வினை. வாரம் ஒருமுறை ஊசி இல்லாமல் போங்கள். கூட்டமில்லாத நேரத்தில், எடைக்கருவியில் நிறுத்தி எடை பார்த்து, மேசையில் துணி விரித்து ஏற்றி, இரண்டு துணுக்குக் கொடுத்து, திரும்பிவிடுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் மறுக்க மாட்டார்கள்.

வீட்டில் தினமும் ஒரு நிமிடம்: காது மடலைத் தூக்கி உள்ளே பார்ப்பது, துணுக்கு. உதட்டை விலக்கிப் பல்லைப் பார்ப்பது, துணுக்கு. ஒவ்வொரு பாதத்தையும் பிடித்து விரலிடுக்கை விரிப்பது, துணுக்கு. விரலிடுக்கும் காதோரமும் உண்ணி ஒளியும் இடங்கள், நாளைக்கு உண்ணியை எடுக்கக் குட்டி உங்களை விடவேண்டும். நகவெட்டியை முதல் வாரம் காட்ட மட்டும் செய்யுங்கள், இரண்டாம் வாரம் நகத்தில் தொட்டு எடுங்கள், அப்புறம் ஒரே ஒரு நகத்தின் நுனி.

கை காலையெல்லாம் கடிக்கிறது. சண்டைக்கார நாயா?

இல்லை, குட்டி. பல் பட்டதும் விளையாட்டை நிறுத்தி, பத்து விநாடி எழுந்து போங்கள். கடித்து மெல்லுவதற்கு வேறு பொருள் கொடுங்கள். நான்காவது மாதம் பால் பற்கள் விழத் தொடங்கி, ஆறேழு மாதத்தில் 42 நிலைப் பற்களும் வந்துவிடும். மூக்கில் அடிப்பதும் வாயை இறுக்கிப் பிடிப்பதும் கையைக் கண்டு பயப்பட மட்டுமே கற்றுத்தரும்.

பகலில் கட்டிப்போடலாமா?

சின்ன வயதில் வேண்டாம். சங்கிலியில் கட்டிய குட்டிக்குப் பயம் வந்தால் விலகிப்போக வழி இல்லை, மிச்சமிருப்பது பாய்வதுதான். அறைக் கதவில் தடுப்புப் பலகை வைத்தோ மடக்குக் கம்பித் தடுப்பு வைத்தோ இடத்தைக் குறுக்குங்கள். தனியாக இருக்கவும் பழக்க வேண்டும்: ஒரு நிமிடம் அறையை விட்டுப் போய் வருவதில் தொடங்கி, அழாமல் இருந்தால் மூன்று, ஐந்து, பத்து என்று கூட்டுங்கள்.

தீபாவளி வருகிறதே?

குறைந்தது ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். பட்டாசுச் சத்தப் பதிவு ஒன்றை, குட்டியின் காது லேசாக அசையும் அளவுக்கு மட்டும் வைத்து, அது தின்னும்போது மூன்று நிமிடம், நாளுக்கு இரண்டு முறை. நான்கைந்து நாள் அலட்சியமாக இருந்தால் ஒரு புள்ளி ஏற்றுங்கள். நின்று கேட்டால், தீனியை விட்டால், ஒரு புள்ளி இறக்குங்கள். போனின் ஒலிபெருக்கியில் வெடியின் அடித்தொனி வராது, பாஸ் உள்ள ஸ்பீக்கர் வேண்டும். அதிலும் வெளிச்சமும் புகை வாடையும் தரை அதிர்வும் இல்லை என்பதால், இது பாதிப் பயிற்சிதான்.

அன்றைய தினம், வெடி தொடங்கும் முன்னரே மூத்திரம் போக வைத்துவிடுங்கள். தெருவை ஒட்டாத உள்ளறை, ஜன்னல் மூடி, திரை இழுத்து, மின்விசிறியும் டிவியும் ஓட, ஒளிந்துகொள்ள மேசைக்கடியில் ஒரு போர்வை. ஒளிந்தால் இழுக்காதீர்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும், பயத்தில் கேட் தாண்டி ஓடித் தொலைந்துபோகும் நாய்கள் ஒவ்வொரு தீபாவளியிலும் உண்டு. போன ஆண்டு மிகவும் நடுங்கியதென்றால் இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். பதற்றத்தைக் குறைக்கும் மருந்து வேறு, உடலை அசையவிடாமல் கிடத்தும் மருந்து வேறு. எது தரப்படுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் தூக்க மாத்திரையை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

குட்டிக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. இதுவரை வெளியே போனதே இல்லை. இனி முடியாதா?

முடியும், வேகம் மட்டும் வேறு. 9 வாரக் குட்டிக்கு மூன்று நாளில் வருவது இதற்கு ஒரு மாதம் ஆகலாம். ஊசி முடிந்திருப்பதால் தரையில் நடத்தலாம் என்பது உங்களுக்குச் சாதகம். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை மாட்டுங்கள், பயந்து பின்வாங்கும்போது கழுத்திலிருந்து நழுவாது, தொண்டையும் நெரியாது. ஒரே தெரு, அதிகாலை ஐந்தரை மணி, வாசலிலிருந்து நான்கு வீடு வரை மட்டும். அது சலித்த பிறகு ஐந்தாவது வீடு. ஒரு வாரத்தில் ஒரு புதுப் பொருளுக்கு மேல் காட்டாதீர்கள். சில நாய்கள் கடைசிவரை கூட்டத்தை விரும்பாது, அவற்றைத் திருவிழாவுக்கு இழுத்துப்போகத் தேவையில்லை. ஆறு மாதத்துக்கு மேல், நன்றாக இருந்த நாய்கூடச் சில வாரம் பழகிய பொருளுக்கே மிரளும். வளரும் பருவத்தில் இது வருவதுதான். தூரத்தைக் கூட்டிப் பழைய பாடத்தைத் திரும்ப நடத்துங்கள்.

உறுமினால் அடிக்கலாமா? எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

அடிக்காதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் பயம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும், அடுத்த முறை நேரே கடிதான். உறுமியதும் எதைக் கண்டு, எவ்வளவு தூரத்தில் என்று குறித்துக்கொண்டு விலகுங்கள்.

தூரத்தை எவ்வளவு கூட்டினாலும் தின்ன மறுத்தால், வீட்டு ஆட்களிடமே ஒளிந்தால், தொட்டதும் திரும்பிக் கடித்தால், இரண்டு வாரம் பார்த்தும் மாற்றமில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் புண், மூட்டு வலி, குடற்புழு எல்லாமே குட்டியைச் சிடுசிடுக்க வைக்கும், முதலில் அவற்றைப் பார்த்து விலக்க வேண்டும். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளிலும் மருத்துவமனைகள் உள்ளன. போகும்போது, குட்டி பயப்படும் நேரத்தில் போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோவைக் கொண்டுபோங்கள். மருத்துவமனையில் எல்லாக் குட்டியும் உறைந்துதான் நிற்கும், வீட்டில் நடப்பது அங்கே தெரியாது.